அவருக்குப் பிடிக்காமல் போனவை

நான் கர்ப்பமாக இருக்கிறேன் என்று தெரிந்த வாரத்திலேயே என் கணவருக்கு டின் மீன் பிடிக்காமல் போனது.

அதுவரை எங்கள் வீட்டு ஞாயிற்றுக்கிழமை என்றால் டின் மீன்தான். வெங்காயமும் பச்சை மிளகாயும் நிறையப் போட்டு வதக்கி, கடைசியில் தேசிக்காய் பிழிந்து இறக்கினால், சட்டியைப் பாண் துண்டால் துடைத்துச் சாப்பிடுகிறவர் அவர். டின்னை வாங்கி வருவதும் அவர் வேலைதான். அந்த ஞாயிறு ஒரு கட்டுக் கீரையோடு வந்து வாசலில் நின்றார்.

“எங்கங்க டின் மீனு?”

“வேணாம். அந்த வாடை இப்ப எனக்கு ஒத்துக்க மாட்டேங்குது.”

“வாந்தி எடுக்கிறது நானு. வாடை ஒத்துக்காதது உங்களுக்கா?”

“புருசனுக்கும் மசக்கை வருமாம்.”

“யாரு சொன்னா?”

“லொறியில ஏறுன ஒரு ஆளு.”

அடுத்து அவருக்குப் பால் டீ பிடிக்காமல் போனது. பால்மா விலை ஏறிய அதே கிழமையில். பிறகு, பின்னேரம் கடையில் சாப்பிடும் வடையில் எண்ணெய் நாறத் தொடங்கியது. பிறகு, அவருக்கு முடி வெட்டுகிற ஆள் பேச்சு அதிகம் பேசுகிறார் என்றார். நானே கத்தரிக்கோலை எடுத்தேன். அந்த மாதம் முழுவதும் அவர் தொப்பி போட்டுக்கொண்டு லொறி ஓட்டினார்.

என் பங்குக்கு நானும் சிலவற்றை விட்டேன். பாடசாலை விட்டு வரும்போது த்ரீவீலரில் ஏறாமல் நடந்து வந்தேன். அது அவருக்குத் தெரிந்த அன்று பெரிய சண்டை. நான் நடக்கக் கூடாது, பால் குடிப்பதை நிறுத்தக் கூடாது, பழம் வாங்காமல் வரக் கூடாது. செலவைக் குறைப்பது என்று இரண்டு பேரும் சேர்ந்துதான் முடிவெடுத்தோம். ஆனால் அவரவர் செலவைத்தான் அவரவர் வெட்டலாம், மற்றவர் செலவை வெட்டவே விடமாட்டோம் என்று இரண்டு பேருமே நின்றோம்.

நாங்கள் தலவாக்கலையில், டவுனை விட்டுக் கொஞ்சம் மேலே, ஒரு சிங்கள அக்காவின் வீட்டுக்குப் பின்னால் இரண்டு அறைகளை வாடகைக்கு எடுத்து இருக்கிறோம். என் கணவர் ஒரு மரக்கறிக் கடையின் சின்ன லொறியை ஓட்டுகிறார். லொறி ஓடிய நாளுக்குத்தான் சம்பளம். நான் ஒரு தோட்டப் பாடசாலையில் ஆசிரியை. எங்கள் குடும்பத்தில் பதினோராம் ஆண்டில் வரும் சாதாரண தரப் பரீட்சை எழுதிய முதல் ஆள் நான். அதோடு நிற்காமல் பட்டம் வாங்கிய ஆளும் நான்தான். இதைச் சொல்வதில் எனக்குக் கூச்சம் இல்லை. யாரும் கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுகிறேன் என்று அவர் கேலி செய்வார்.

இவ்வளவு இறுக்கிப் பிடித்ததற்குக் காரணம் ஒன்றுதான். குழந்தை பிறந்தால் எனக்கு முழுச் சம்பளத்தோடு விடுமுறை உண்டு. அது முடிந்த பிறகு, வேண்டுமென்றால், அரைச் சம்பளத்தில் இன்னும் சில மாதங்கள் வீட்டில் இருக்கலாம். எனக்கு அந்த அரைச் சம்பள மாதங்கள் வேண்டும். முழுச் சம்பளமே மாதக் கடைசியில் மூச்சு வாங்கும் காலம் இது. அரைச் சம்பளத்தில் வீடு நடக்க வேண்டுமென்றால் பிள்ளை வயிற்றில் இருக்கும்போதே மிச்சம் பிடித்தாக வேண்டும்.

நான் வளர்ந்தது பிள்ளை மடுவத்தில். தாய்மார் மலைக்குக் கொழுந்து பறிக்கப் போகும்போது கைக்குழந்தைகளை விட்டுவிட்டுப் போகும் இடத்துக்கு எங்கள் தோட்டத்தில் அந்தப் பெயர்தான். இப்போது பலகையில் வேறு பெயர் எழுதியிருக்கிறார்கள். என்னைப் பெற்று உடம்பு தேறுவதற்குள் அம்மா காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக்குப் போய் நின்றுவிட்டார்.

“நீ தொட்டில்ல கத்துறது மேமலைக்குக் கேக்கும். எந்தப் புள்ள கத்துதுனு சத்தத்த வச்சே எங்க எல்லாருக்கும் தெரியும்,” என்று அம்மா இப்போதும் சிரித்துக்கொண்டே சொல்வார். அந்தச் சிரிப்பு எனக்கு ஒருநாளும் பிடித்ததில்லை.

எதை வேண்டுமானாலும் வெட்டலாம், சமையல் கேஸை மட்டும் தொடக் கூடாது என்று முதல் நாளே என் கணவரிடம் சொல்லியிருந்தேன். ஏன் என்று அவர் கேட்கவில்லை. அவருக்குத் தெரியும்.

ஆறாம் ஆண்டிலிருந்து நான் டவுன் பாடசாலைக்குப் போனேன். மழைக்காலம் தொடங்கினால் எங்கள் பக்கம் துணி காயாது. என் வெள்ளைச் சீருடையைத் துவைத்து, அடுப்புக்கு மேலே கட்டியிருக்கும் கம்பியில் அம்மா போடுவார். காலையில் அது காய்ந்திருக்கும். கூடவே மிலாறுப் புகையும் அதில் ஏறியிருக்கும். தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டும்போது விழுகிற கிளைகள்தான் மிலாறு. லயத்தில், எங்கள் தோட்டத்து வரிசை வீடுகளில், எல்லா அடுப்பும் அதில்தான் எரியும். மற்ற விறகுப் புகைக்கு இல்லாத ஒரு கசப்பு அதற்கு உண்டு. மழையில் லேசாக நனைந்து வகுப்பில் போய் உட்கார்ந்தால் உடம்புச் சூட்டுக்கு அந்த வாசம் மெதுவாகக் கிளம்பும்.

என் பக்கத்தில் உட்கார்ந்தவள் டவுனில் நகைக்கடை வைத்திருந்தவரின் மகள். அவள் கெட்டவள் அல்ல. பென்சில் கொடுப்பாள், சாப்பாடு பகிர்வாள். ஆனால் மழை நாட்களில் வாயால் மூச்சு விடுவாள். எனக்குத் தெரியக் கூடாது என்று உதட்டை மிகக் கொஞ்சமாகத் திறந்து மூச்சு விடுவாள். அவள் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் சண்டை போட்டிருப்பேன். அவள் சொல்லவில்லை. அதனால் யாருக்கும் பதில் சொல்ல முடியாமலேயே நான் அந்தப் பாடசாலையில் படித்து முடித்தேன்.

என் முதல் சம்பளத்தில் நான் வாங்கியது கேஸ் குக்கர். எங்கள் கல்யாணப் பேச்சு நடந்தபோதே அவரிடம் சொன்னேன், என் வீட்டில் புகை இருக்கக் கூடாது என்று.

“சிகரட்ட சொல்றியா, அடுப்ப சொல்றியா?” என்று கேட்டார்.

“ரெண்டையும்.”

“சரி,” என்றார். சிகரட்டை அன்றைக்கே விட்டார். அதனால் அவர் மீது எனக்கு ஒரு நம்பிக்கை வந்தது.

வயிறு வெளியே தெரியத் தொடங்கிய நாட்களில் ஒரு ஞாயிறு அம்மா வந்தார். பஸ் ஏறி, கையில் ஒரு பை முருங்கைக் கீரையும் பீர்க்கங்காயும் கொண்டுவந்து, வந்ததும் வராததுமாகச் சமைக்கத் தொடங்கினார். கேஸைப் பற்ற வைக்க அம்மாவுக்கு இன்றும் பயம். எட்ட நின்று, சாமிக்குச் சூடம் காட்டுவது போலக் கையை நீட்டுவார். அன்றைக்கும் அப்படி நீட்டியபடியே என் கணவரிடம் கேட்டார்.

“இதுக்கு மாசம் எம்புட்டு குடுக்குறீங்க?”

அவர் சொன்னார்.

“அட சாமி. எங்க லயத்துக்கு மேல இருக்க மலையில இப்ப கவ்வாத்து நடக்குது. மிலாறு குவிஞ்சு கெடக்கு. மருமகன் லொறியும் அந்தப் பக்கந்தான வருது. பின்னால கொட்டில்ல அடுப்பு ஒண்ணு சும்மா கெடக்குது பாரு.”

“வேணாம்மா. புகை எனக்கு ஒத்துக்காது,” என்றேன்.

“ஒத்துக்காதா. பொறந்ததுலேருந்து அதுலதான கெடந்த.”

“அதனாலதான் சொல்றேன்.”

“சரி. புள்ள பொறந்தா குளிப்பாட்டிட்டு சாம்பிராணி போடுவியா, மாட்டியா?”

“போடுவேன்.”

“அது என்னா, டவுன் புகையா?”

என் கணவர் பீர்க்கங்காய்த் தோலைப் பொறுக்குகிற மாதிரிக் குனிந்துகொண்டார். சிரிப்பில் தோள் குலுங்கியதை நான் பார்த்தேன். அன்றைக்கு அந்தப் பேச்சு அத்தோடு நின்றது.

பிறகு மழை பிடித்தது. அந்த வருடம் மழை முந்திக்கொண்டு வந்து நிற்காமல் பெய்தது. மரக்கறித் தோட்டங்களில் கரட்டும் லீக்ஸும் நின்ற இடத்திலேயே அழுகின. ஏற்றுவதற்குச் சரக்கு இல்லை. கிழமையில் பாதி நாள் லொறி கடைக்கு முன்னால் தார்ப்பாய் போர்த்திக்கொண்டு நின்றது. அவர் வீட்டில் உட்கார்ந்து பழைய தையல் மெஷினுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார். அவருடைய அப்பா டவுனில் தையற்காரர். அப்பா இறந்த பிறகு அந்த மெஷின்தான் எங்கள் வீட்டுக்கு வந்தது. கடையில் தொங்கும் குழந்தைச் சட்டைகளின் விலையைப் பார்த்துவிட்டு வந்து, வெள்ளைத் துணி வாங்கி, பிள்ளைக்குச் சட்டைகளை அவரே தைத்தார். சின்னச் சின்னச் சட்டைகள். முதல் சட்டையில் ஒரு கை நீளம், ஒரு கை கட்டை.

“இது என்னங்க இப்படி?”

“லொறி ஓட்டுற கை அப்படித்தான் இருக்கும். ஒண்ணு ஸ்டியரிங்ல, ஒண்ணு கியர்ல,” என்றார்.

அன்றொரு பின்னேரம், அப்படித் தைத்துக்கொண்டிருக்கும்போது, ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமலே அவர் சொன்னார்.

“ஒண்ணு சொல்லட்டா? முழுச் சம்பள லீவு முடிஞ்சதும் நீ ஸ்கூலுக்குப் போயிரு. மாமிய இங்க வந்து இருக்கச் சொல்லுவோம்.”

“அம்மா இப்ப வேலைய விட்டா அவங்களுக்குச் சேர வேண்டிய காசு என்னாவுறது? இன்னும் கொஞ்ச வருசந்தான் இருக்கு.”

“அப்ப, யாராச்சும் பாத்துக்குற எடத்துல…” அவர் முடிக்கவில்லை.

“பிள்ளை மடுவம்னு சொல்லுங்க.”

“எனக்கு அந்தப் பேரே தெரியாது புள்ள. டவுன்ல ஒரு எடம் இருக்குன்னு சொல்ல வந்தேன்.” மெஷினை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். “எனக்கு மட்டும் புடிச்சா சொல்றேன்?”

அவருக்குப் பிடிக்காமல் போனவற்றில் அது ஒன்றுதான் உண்மையாகவே பிடிக்காதது. அந்தக் குரலிலேயே தெரிந்தது. நான் அவர் தலையில், நான் வெட்டிக் கெடுத்து வைத்திருந்த முடியில், கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன்.

நான் படிப்பிக்கும் பாடசாலைக்குக் கீழே, ஒரு சரிவு இறங்கினால், அந்தத் தோட்டத்தின் பிள்ளை மடுவம் இருக்கிறது. தினமும் அதைத் தாண்டித்தான் போவேன். மறுநாள் இடைவேளையில் கால் தானாக அங்கே இறங்கியது. கொழுந்துக்காரப் பெண்கள் பால் கொடுக்க வருகிற நேரம். என் வகுப்புப் பையன் ஒருவனின் தாய் மழையில் ஓடி வந்தார். இடுப்பில் கட்டியிருந்த படங்குச் சாக்கிலிருந்து தண்ணீர் சொட்டியது. உள்ளே வந்ததும் அவர் பிள்ளையைத் தூக்கவில்லை. அடுப்பில் இருந்த கேத்தலின் பக்கத்தில் இரண்டு உள்ளங்கைகளையும் வைத்துச் சூடேற்றினார். குளிர்ந்த கையால் தொட்டால் பிள்ளை வீரிட்டு அழும், அழுதால் பால் குடிக்காது, குடிப்பதற்குள் நேரம் போய்விடும். பிள்ளை தொட்டிலிலிருந்து அவரைப் பார்த்துக் கையைக் காலை ஆட்டிக்கொண்டிருந்தது. அவர் கையைச் சூடேற்றிக்கொண்டே பிள்ளையோடு பேசினார்.

“இருடா, இருடா, வந்துட்டேன். கை வரலடா இன்னும்.”

பால் கொடுத்து முடித்ததும் என் பக்கம் திரும்பினார். “டீச்சருக்கு எத்தன மாசம்?”

“ஏழு.”

“நல்லாச் சாப்புடுங்க டீச்சர். இப்ப சாப்புட்டாத்தான்.” சொல்லிவிட்டுப் படங்கை இறுக்கிக்கொண்டு மழைக்குள் ஓடினார். திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் ஓட முடியாது என்று நினைக்கிறேன்.

அன்று வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே அவரிடம் சொன்னேன், “அம்மாகிட்ட மிலாறு கேளுங்க.”

“கேஸ தொடக் கூடாதுன்னு சொன்ன?”

“தொட வேணாம். மூடி வைப்போம்.”

 காரணம் கேட்கவில்லை. அடுத்த கிழமை லொறியின் பின்னால் கட்டுக்கட்டாக மிலாறு வந்து இறங்கியது. முன்வீட்டுச் சிங்கள அக்கா வெளியே வந்து பார்த்து, கொட்டிலைப் பாவியுங்கள், சுவர் மட்டும் கறுக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டு, ஒரு கட்டைத் தனக்கென்று எடுத்துக்கொண்டு போனார்.

முதல் நாள் அடுப்பு மூட்டுவது தன் வேலை என்றார் என் கணவர். டவுனில் பிறந்து டவுனில் வளர்ந்தவர். கைப்பிடி கைப்பிடியாக மிலாற்றை உள்ளே திணித்து, அதன் மேல் கடதாசியைக் கொளுத்திப் போட்டார். கடதாசி எரிந்து முடிந்தது. புகை மட்டும் வந்தது. மறுபடி கொளுத்தினார். மறுபடியும் புகை. கண்ணில் தண்ணீர் வடிய வெளியே வந்து, “உங்கம்மா ஈரத்தக் குடுத்து ஏமாத்திட்டாங்க,” என்றார்.

கையைக் கட்டிக்கொண்டு நின்று பார்த்த நான், வயிற்றைத் தாங்கிக்கொண்டு பலகையில் உட்கார்ந்தேன். திணித்ததையெல்லாம் வெளியே இழுத்தேன். பென்சில் கனத்துக்கு மெல்லிய குச்சிகளாக ஒடித்து, நடுவில் காற்றுப் போக இடம் விட்டு, கூண்டு மாதிரி அடுக்கினேன். பல வருடங்களாக நான் செய்யாத வேலை. கைக்கு எல்லாம் நினைவிருந்தது. ஒரு குச்சியில் பிடித்துக்கொண்டது.

“இத கெம்பஸ்ல சொல்லிக் குடுத்தாங்களா டீச்சர்?” என்றார்.

“இல்ல. இத மறக்குறதுக்குத்தான் அங்க போனேன்.”

நான் சிரித்துக்கொண்டுதான் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, நான் ஒடித்துக் கொடுத்ததை ஒன்றொன்றாக அடுப்புக்குள் வைத்தார். அதன் பிறகு எல்லா நாளும் அவர்தான் மூட்டினார். என்னைப் புகைக்குள் வர விடவில்லை. கிளினிக்கில் மிட்வைஃப் மிஸ்ஸும் அதையே சொல்லியிருந்தார், நானும் புகையில் நிற்கக் கூடாது, பிறந்த பிறகு பிள்ளையும் புகைப் பக்கம் வரக் கூடாது என்று. கொட்டில் முற்றத்துக்கு அந்தப் பக்கம் தனியாக இருந்தது வசதியாகப் போயிற்று. கேஸ் சிலிண்டருக்குப் பழைய தலையணை உறை ஒன்றைப் போர்த்தி விட்டோம். தினமும் அதைத் தாண்டிப் போகும்போது அவர் மெதுவாக, “துரை தூங்குறாரு, எழுப்பாத,” என்பார்.

பிள்ளையின் உடுப்புகளுக்கு மட்டும் நான் சட்டம் போட்டேன். அவை கொட்டில் பக்கம் போகவே கூடாது. அவர் தைத்த சட்டைகள், வெள்ளை நெப்கின் துணிகள், போர்த்தும் துவாய், எல்லாவற்றையும் வெயில் அடித்த ஒரு நாளில் துவைத்துக் காய வைத்து, பொலிதீன் பையில் போட்டு, அதற்கு மேல் இன்னொரு பையில் போட்டு, வாயை இறுக்கிக் கட்டி அலுமாரியின் அடியில் வைத்தேன். காற்றுக்கூடப் போகாதபடி கட்டினேன். என் பிள்ளைக்குப் பக்கத்தில் யாரும் வாயால் மூச்சு விடக் கூடாது.

கடைசிக் கிளினிக்கில் எனக்கு இரத்த அழுத்தம் ஏறியிருந்தது. இரண்டு மூன்று நாளில் வோர்ட்டில் வந்து படுத்துவிடுங்கள் என்றார்கள். வீட்டுக்கு வந்து பையைக் கட்டுவதற்காக அந்தப் பொலிதீனை அவிழ்த்தேன். உள்ளிருந்து ஒரு முடைவாடை அடித்தது. சட்டைகளின் மேல் மிளகு தூவியது போலக் கறுப்புப் புள்ளிகள். பூஞ்சணம். இந்தக் குளிரில், இந்த ஈரத்தில், காற்றில்லாமல் கட்டி வைத்தால் வேறு என்ன ஆகும்? லயத்தில் பிறந்த யாருக்கும் தெரிந்த விஷயம். புகை நுழையக் கூடாது என்ற ஒரே நினைப்பில் நான் அதை மறந்து போனேன்.

அன்றைக்குத்தான் துரையை எழுப்பினோம். கேஸில் தண்ணீர் கொதிக்க வைத்து, எல்லாவற்றையும் அதில் போட்டுக் கசக்கினேன். புள்ளிகள் பெரும்பாலும் போயின. ஆனால் வெளியே மழை. வீட்டுக்குள் குறுக்கும் நெடுக்கும் கயிறு கட்டித் தொங்க விட்டோம். மறுநாளும் ஈரம். அதற்கு மறுநாளும் ஈரம், போதாததற்கு மரம் விழுந்து கரண்ட்டும் போயிற்று. அயன் பண்ணியாவது காய வைக்கலாம் என்ற நினைப்பும் முடிந்தது. அவர் ஒரு சட்டையை எடுத்து, அப்பளம் சுடுகிற மாதிரி கேஸ் நெருப்புக்கு மேலே காட்டினார். அந்த நீளக் கையின் ஓரம் கருகியது.

“இப்ப ரெண்டு கையும் ஒரே அளவாயிருச்சு,” என்றார். நான் அழுதுவிட்டேன்.

அம்மா அன்று காலையிலேயே வந்திருந்தார், மறுநாள் என்னோடு வருவதற்காக. வாய் ஓயாத அம்மா ஒன்றுமே சொல்லாமல் மூலையில் உட்கார்ந்து என் சேலையை மடித்துக்கொண்டிருந்தார். கொட்டிலில் சோறு வெந்து, அடுப்பில் தணல் இருந்தது. மூன்று பேருக்கும் அது தெரியும். இரண்டு பேரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. காத்திருந்தார்கள்.

“அம்மா, கூடைய எடுங்க,” என்றேன்.

“எந்தக் கூட?”

“தெரியாத மாதிரிக் கேக்காதீங்க.”

அம்மாவின் பழைய கொழுந்துக் கூடை ஒன்றில் நாங்கள் உருளைக்கிழங்கு போட்டு வைத்திருந்தோம். அம்மா கிழங்கைக் கொட்டிவிட்டு, கூடையைத் துடைத்து, புகையும் கொள்ளிகளை வெளியே இழுத்துப் போட்டுவிட்டு, தணலுக்கு மேலே அதைக் கவிழ்த்தார். ஈரத் துணியை அதன் மேல் விரித்து, கையை வைத்துச் சூடு பார்த்து, ரொட்டி திருப்புவது போல ஒவ்வொன்றாகத் திருப்பினார். என் கணவர் வாங்கி மடித்தார். நான் கொட்டில் வாசலில் நின்றேன். கடைசிச் சட்டை காய்ந்ததும் அவர் அதை முகத்தில் வைத்துப் பார்த்தார்.

“வாசமாத்தான் இருக்கு.”

“பொய் சொல்லாதீங்க.”

“நான் என்னா உன் பக்கத்துல ஒக்காந்து படிச்சவளா? வாசம்னா வாசம்.”

நகைக்கடைக்காரர் மகளைப் பற்றி நான் அவரிடம் ஒரே ஒரு தடவைதான் சொல்லியிருந்தேன்.

மகள் பிறந்தாள். அதைப் பற்றி இங்கே எழுதப் போவதில்லை. அவளைத் துடைத்துக் கொண்டுவந்த நர்ஸ் மிஸ்ஸி என் பையைத் திறந்து ஒரு சட்டையை எடுத்தார். நான் உயிர் போன களைப்பிலும் அவருடைய வாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் சட்டையை விரித்தார், நிறுத்தினார். கைகளைச் சேர்த்து அளந்து பார்த்தார். கருகிய ஓரத்தைத் தடவினார். இதை யார் தைத்தது என்று சிங்களத்தில் கேட்டார். பிள்ளையின் அப்பா என்றேன். அவர் உதட்டை மூடிக்கொண்டு மூக்காலேயே சிரித்தார். சிரித்தபடியே என் மகளுக்கு அதைப் போட்டுவிட்டார்.

பக்கத்துக் கட்டிலில் இருந்தது என்னைவிட இளைய பெண். அவளுக்கும் முதல் பிள்ளை. பின்னேரம் அவள் பக்கம் திரும்பிப் படுத்தபோது கேட்டாள்.

“அக்கா எந்தத் தோட்டம்?”

“தோட்டம்னு எப்படித் தெரியும்?”

“புள்ள உடுப்பு சொல்லுதுல்ல. எங்க வீட்டுலயும் இதே கததான், எல்லாம் அடுப்புக்கு மேலதான் தொங்குச்சு. இந்த மழையில வேற என்னா பண்றது?”

அப்போதுதான் கவனித்தேன். வோர்ட் முழுவதும் அந்த வாசம் இருந்தது. டெட்டோலுக்கு அடியில், ஒவ்வொரு கட்டிலிலிருந்தும், ஒவ்வொரு துணிப்பையிலிருந்தும்.

எந்த ஊர் என்று யார் கேட்டாலும் பாடசாலைக் காலத்திலிருந்து எனக்கு ஒரு பதில் உண்டு. தலவாக்கலை டவுன். அன்று நான் அம்மாவின் தோட்டத்தைச் சொன்னேன். எந்த டிவிஷன், எந்த லயம் என்பதையும் சொன்னேன்.

“அட, எங்க சின்னம்மாவ அங்கதான கட்டிக் குடுத்துருக்கு,” என்று அவள் எழுந்தே உட்கார்ந்துவிட்டாள்.

நான் பட்டதாரி ஆசிரியை என்பதையும் சேர்த்துச் சொன்னேன். அதை விடுவதாக இல்லை.

இப்போது முழுச் சம்பள விடுமுறை முடிந்துவிட்டது. என் மகள் எனக்குப் பக்கத்தில் தூங்குகிறாள். நான் வேலைக்குப் போகவில்லை. அரைச் சம்பளக் கடிதம் கொடுத்து, அது சரியென்று வந்து, முதல் அரைச் சம்பளமும் வங்கிக்கு வந்துவிட்டது. அந்தத் தொகையை வைத்து இரண்டு பேரும் கணக்குப் போட்டுப் பார்த்தோம். பிறகு அவர், “பரவால்ல, கையக் கடிக்காது, நகத்தத்தான் கடிக்கும்,” என்றார். முன்னால் சேர்த்தது கொஞ்சம் கை கொடுக்கிறது. கொட்டில் கதவைச் சாத்திக்கொண்டு அவர் காலையிலேயே இரண்டு வேளைக்கும் சமைத்துவிட்டு லொறிக்குப் போகிறார். மழை நாட்களில் நெப்கின் துணிகள் கவிழ்த்த கூடையின் மேல் காய்கின்றன. உருளைக்கிழங்கு இப்போது சாக்கில் இருக்கிறது.

ஞாயிறுகளில் அம்மா வருவார். கையைக் கழுவிவிட்டு, அடுப்புப் பக்கம் போய்ச் சூடேற்றிக்கொண்டு வந்துதான் பேத்தியைத் தூக்குவார். யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை. போன ஞாயிறு அவள் கழுத்தில் மூக்கை வைத்து இழுத்துவிட்டு, “நம்ம லயத்துப் புள்ள வாசந்தான்,” என்றார்.

“டவுன் புள்ள,” என்றேன்.

“ஆமா ஆமா. டவுன்ல கவ்வாத்து வெட்டுறாங்கள்ல.”

மழை விட்டு, சரக்கு வரத் தொடங்கி, லொறியும் ஓடுகிறது. அதனால் என் கணவர் கடைக்குக் கிளம்பும்போது கேட்டுப் பார்த்தேன்.

“இன்னைக்கு டின் மீன் வாங்கிட்டு வாங்களேன்.”

“வாடை இன்னும் ஒத்துக்கல.”

“புள்ளயே பொறந்துருச்சு. உங்க மசக்கை எப்பங்க தீரும்?”

அவர் தொப்பியை எடுத்துக்கொண்டு, தூங்குகிற மகளைக் குனிந்து பார்த்தார்.

“நீ ஸ்கூலுக்குப் போற அன்னைக்குத் தீரும்,” என்றார். பிறகு கீரை வாங்கப் போனார்.